அரை மாத்திரை

பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவை ஒட்டி போலீஸ்காரருக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு கான்ஸ்டபிள். விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம் என்று யார் வந்தாலும் டாக்டர் ஒரு சீட்டில் எழுதி அங்கே அனுப்புவார். அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் நான் பல வருடம் நிருபராகக் காலம் தள்ளினேன். காலையில் போய் நின்றால் இரண்டு மூன்று செய்திகளாவது தேறும். ஒவ்வொன்றும் ஒரு பத்தி. பெயர், வயது, ஊர், தொழில், காரணம். காரணம் என்ற இடத்தில் போடுவதற்கு எங்களிடம் சில வார்த்தைகள் தயாராக இருந்தன. மனமுடைந்து. வாழ்க்கையில் வெறுப்படைந்து. தீராத வயிற்று வலியால். எது பொருந்தும் என்று பார்த்து ஒன்றைப் போடுவோம். செய்தியில் வந்தவர்களின் வீட்டிலிருந்து யாரும் வந்து, அது காரணம் இல்லை என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்டு, பிறகு மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்து வைத்திருந்த காலம். ஒரு நாள் மதியம் அந்த அறை வாசலில் போய் நின்றேன். கான்ஸ்டபிள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இந்த நேரத்துல? காலையிலயே உங்க ஆளுங்க எல்லாம் வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்களே. புதுசா ஒண்ணும் விழலைங்க."

"இப்ப ஒரு சீட்டு வரும்," என்றேன்.

"எந்த ஊரு?"

"எங்கப்பா."

அவர் பொட்டலத்தைத் திரும்ப மடித்தார்.

அப்பாவுக்கு அப்போது வயது எழுபத்தைந்தை ஒட்டி இருக்கும். புற்றுநோய். தொடங்கிய இடம் வெளியில் சொல்லக்கூடிய இடம் இல்லை என்பதால், இடுப்பெலும்புக்குப் பரவிய பிறகு எங்களுக்கு ஒரு வகையில் வசதியாகிவிட்டது. கேட்பவர்களிடம் இடுப்பு வலி என்றோம். அது பொய்யும் இல்லை. குரும்பலூரை அடுத்த எங்கள் ஊரில் தனியாக இருந்தவரை, அரியலூரில் அக்கா வீட்டில் கொண்டுவந்து வைத்தோம். அக்காவின் கணவருக்கு, என் மாமாவுக்கு, ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை. நான் பெரம்பலூரில் வாடகை வீட்டில் இருந்தேன்.

வலி அதிகமானபோது திருச்சியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். அங்கே மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். அபினிலிருந்து வருவது. சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. வெள்ளையாக, சட்டைப் பித்தானைவிடச் சின்னதாக இருக்கும். அரை மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றார் டாக்டர். வலி அடங்காவிட்டால் நீங்களாகக் கூட்டாதீர்கள், வந்து சொல்லுங்கள் என்றும் சொன்னார். இதை இரண்டு முறை சொன்னார். நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். கேட்டதைப் பிசகாமல் திருப்பிச் சொல்வது என் தொழில்.

அரியலூருக்குத் திரும்பியபோது அக்கா வீட்டில் அப்பாவைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாழைப்பழமும். எதிர் வீட்டிலிருந்து இன்னொருவர். அவர்கள் முன்னாலேயே அக்காவிடம் மருந்தைக் கொடுத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அரையா?" என்றார் அப்பா. "யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்ப்பா."

"நான் என்ன பால்குடிப் புள்ளையா?"

எதிர் வீட்டுக்காரர் சிரிப்பு மூட்டுவதாக நினைத்துக்கொண்டு, "பெருசுக்கு அரை டிக்கெட் போட்டுட்டாங்கப்பா. இனிமே சன்னலோரமா மடியிலதான் உக்காரணும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா கட்டில் சட்டத்தில் எதையோ தேடுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா நகத்தால் அழுத்தி மாத்திரையை உடைத்து நீட்டினாள். அவர் வாய் திறக்கவில்லை. வந்தவர்கள் போன பிறகும் திறக்கவில்லை. நான் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. "நீ குடுக்கா, கொஞ்ச நேரத்துல சாப்பிடுவாரு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதற்கடுத்த நாட்களில் போன் செய்து கேட்டபோதெல்லாம் அக்கா, "இப்பத் தேவலாம், தூங்குறாரு," என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. திருச்சிக்கு மறுபடி காட்டப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், அக்காவும் மாமாவும் ஒரு வாடகைக் காரில் அவரை என் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். மறுநாள் இங்கிருந்து கிளம்புவதாகத் திட்டம். காரிலிருந்து இறக்கும்போது அவர் உடம்பில் பிடிமானமே இல்லை. பாயில் படுக்கவைத்தோம். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

"வண்டி அசதி," என்றார் மாமா.

நான் மூச்சைக் கவனித்தேன். ஒன்று வந்தது. அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். அது வரும்வரை என் மூச்சையும் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

அவசரப் பிரிவில் பணியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். அப்பாவின் இமையை விரித்து டார்ச் அடித்தார். கண்ணின் கருமணி கடுகைவிடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது.

"என்ன மாத்திரை சாப்பிட்டாரு?"

சொன்னேன்.

"எத்தனை?"

"அரைதான்," என்றேன்.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மாமாதான் பேசினார்: "முழுசுங்க. முழுசாத்தான் கேட்டாரு. ஒரு மாத்திரைல என்னங்க இருக்கு? எனக்கு ஃபேக்டரில கால் ஒடஞ்சப்ப இதே மாதிரி வலி மாத்திரைதான் குடுத்தாங்க. முழுசா போட்டுக்கிட்டு, கட்டையை ஊனிக்கிட்டு டீக்கடைக்கே போயிட்டு வந்தேன்."

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தி ரெண்டுங்க."

டாக்டர் வேலையில் இறங்கினார். ஒரு பக்கம் மயக்க மருந்து டாக்டருக்கு ஆள் அனுப்பினார். இன்னொரு பக்கம் சீட்டு எழுதினார். எழுதும்போது என்னைப் பார்த்து, "நீங்க நிருபர்தானே? ரூல் உங்களுக்குத் தெரியும்," என்றார். தெரியும். அளவுக்கு மீறி மாத்திரை, வயதானவர், தீராத நோய். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன செய்தி வரும் என்றும் தெரியும். அப்பா மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் கிடக்கும்போது, என் தலைக்குள் அந்தப் பத்தி ஓடிக்கொண்டிருந்தது. 'நோய்க்கொடுமையால் மனமுடைந்த முதியவர்.' எந்தப் பக்கத்தில் வரும், எத்தனை வரி என்பதுவரை ஓடியது. அதை நிறுத்த முடியாமல்தான் நான் எழுந்து கான்ஸ்டபிளிடம் போனேன். அவரிடம் போய் எதுவும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும்.

திரும்பி வந்தபோது மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு ஊசி மருந்தைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அது மார்ஃபினை விரட்டுகிற மருந்து. சற்று நேரத்தில் அப்பா ஆழமாக இழுத்து மூச்சு விட்டார். கண் திறந்தார். எங்களைப் பார்த்தார். அடுத்த கணம் அலறினார். மயக்கத்தை எடுத்த ஊசி, வலி நிவாரணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் கத்திய கத்தலில், பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். ஒரு மனிதர் பிழைத்துக்கொண்டதை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அன்று சாயந்திரம், அப்பா கொஞ்சம் அடங்கிய பிறகு, மயக்க மருந்து டாக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். பூலாம்பாடிப் பக்கம் மாடு வைத்துப் பிழைத்த வீட்டுப் பிள்ளை. அக்காவின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"அம்மா, மருந்து ரத்தத்துல போச்சுன்னா எல்லாமே அவுத்துவிட்ட மாதிரி ஓடாது. ஒரு பங்கு ரத்தத்துல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கும். அல்புமின்னு சொல்லுவோம். அது முளைக்குச்சின்னு வச்சுக்குங்க. குச்சில கட்டுன மாடு எங்கயும் போயி மேயாது. கட்டாத மாடுதான் மேயும். அதே மாதிரி, ஒட்டாம நிக்கிற மருந்துதான் மூளைக்குப் போயி வேலை பாக்கும். வயசாக ஆக குச்சி கொறையும். சீக்குல கெடந்து, சோறும் சரியா எறங்கலைன்னா இன்னும் கொறையும். நீங்க ஓட்டிவிட்ட மாடு அதே மாடுதான். ஆனா கட்ட குச்சி இல்ல. எல்லாம் வயல்ல எறங்கிடுச்சு."

"அந்தக் குச்சியக் கூட அடிச்சு வைக்க முடியாதுங்களா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "முட்டை, பருப்பு குடுங்க. கொஞ்சம் ஏறும். ஆனா நாளாவும். இவரு ஒடம்புல ரொம்ப எதிர்பாக்க முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "இது மட்டுமே காரணம்னு எடுத்துக்காதீங்க சார். மார்ஃபின் ஒட்டுற பங்கு கம்மிதான். நாங்க தியேட்டர்ல போடுற வேற சில ஊசி இதைவிட நெறைய ஒட்டும். வயசானவங்களுக்கு அதைப் போடறப்ப இன்னும் பயந்து பயந்து போடுவோம். இவருக்குக் கிட்னியும் மெதுவா ஓடுது. வெளிய போக வேண்டியது தேங்கிடுச்சு. எல்லாம் சேந்து அமுக்கிடுச்சு. அரைன்னு சொன்னது கஞ்சத்தனத்துல இல்ல. அவரோட முழு அளவே அதுதான்."

பேனாவுக்காக என் கை சட்டைப்பைக்குப் போயிருந்தது. அதைக் கவனித்ததும் கையை எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் போனதும் அக்காவிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே. ஏன் முழுசா குடுத்தே?"

"உனக்குத் தெரியாது தம்பி," என்றாள். "நீ அப்ப திருச்சியில படிச்சுக்கிட்டிருந்தே."

அவள் சொன்னது இது. அப்பா கரும்பு வெட்டும் கூட்டத்தில் ஆளாக இருந்தவர். வெட்டிய டன்னுக்கு வரும் கூலியைக் கூட்டத்தில் பங்கு போடுவார்கள். முழு ஆளுக்கு முழுப் பங்கு. கட்டுக் கட்டித் தூக்கிப் போடும் பையன்களுக்கும், கை தளர்ந்தவர்களுக்கும் அரைப் பங்கு. அரையாள் என்பார்கள். ஒரு வருடம் வெட்டு தொடங்கும் அன்று, மேஸ்திரி வரப்பில் நின்று ஒவ்வொருவராகப் பங்கு சொல்லிக்கொண்டு வந்தார். அப்பாவிடம் வந்ததும், "நீ இந்தத் தடவ பொடியனுங்களோட நில்லு," என்றார். அப்பா வெட்டுக்கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு எந்த வயலுக்கும் கூலிக்குப் போகவில்லை. காரணத்தை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு பெண் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும்.

"எதிர் வூட்டுக்காரரு அரை டிக்கெட்டுன்னதும் அப்பா மொகத்தப் பாத்தியா?" என்றாள். "அன்னிக்கு வரப்புலேந்து வந்தப்பவும் அந்த மொகந்தான். நான் எப்படி ஒடைச்சுக் குடுப்பேன் சொல்லு. ஆளு முன்னாடி முழுசா குடுத்தேன். ஆளு இல்லாதப்பவாச்சும் அரையக் குடுக்கலாம்னு பாத்தேன். கைய விரிச்சுக் காட்டச் சொல்லி, முழுசான்னு பாத்துட்டுத்தான் வாய்ல போடுவாரு."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு இன்னொன்றும் உறைத்தது. மதியம் கான்ஸ்டபிள் விவரம் எழுதும்போது தொழில் என்ன என்று கேட்டார். விவசாயம் என்று சொல்லியிருந்தேன். பத்திரிகை நண்பர்களிடமும் வருடக்கணக்கில் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். நிலம் எங்களுக்கு ஒரு குழிகூட இருந்ததில்லை.

மறுநாள் காலை கான்ஸ்டபிள் வார்டுக்கு வந்தார். அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் கட்டில்கள் நிறைந்திருந்தன. இட்லி வாங்கிவந்தவர்கள், துணைக்கு இருந்தவர்கள், சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"ஐயா, ஒரு வாக்குமூலம் வேணும்," என்றார் கான்ஸ்டபிள். "மாத்திரை யாரு குடுத்தாங்க?"

"நாந்தான் கேட்டு வாங்கி முழுங்குனேன்."

"டாக்டர் அரைதான சொல்லியிருக்காரு? நீங்க எதுக்கு முழுசு கேட்டீங்க?"

அப்பா கட்டில் சட்டத்தைத் தடவினார்.

"வலி தாங்காம, போதும்டா சாமின்னு கேட்டீங்களா?"

 கான்ஸ்டபிள் என்னைத் தனியாக இழுக்கவில்லை, அங்கேயே சொன்னார்: "சார், இவரு வாயத் தொறக்கலைன்னா நான் தற்கொலை முயற்சின்னுதான் போடணும். கேஸாயிடும். இந்த வயசுல கோர்ட்டுக்கு அலையணும். பொண்ணு குடுத்தாங்கன்னு போட்டா அவங்களையும் கேப்பாங்க. ஒரு காரணம் வேணும்."

காரணம் என்ற இடம். நான் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நிரப்பிய இடம்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் பார்வை சொல்லாதே என்று சொன்னதா, அல்லது நான் இப்போது அப்படி நினைத்துக்கொள்கிறேனா, தெரியாது. அக்கா என் முழங்கையைத் தொட்டாள். சொல் என்றா, வேண்டாம் என்றா, அதையும் நான் பிறகு கேட்கவில்லை.

சொன்னேன். அவர் விவசாயி இல்லை, கரும்பு வெட்டும் கூலி என்று முதலில் திருத்தினேன். பிறகு அரைப் பங்கைப் பற்றிச் சொன்னேன். வரப்பில் பையன்களோடு நிற்கச் சொன்னதைச் சொன்னேன். அரை மாத்திரை என்றால் தன்னை மறுபடியும் அரையாள் ஆக்குகிறார்கள் என்று நினைத்தார், வெட்கத்தினால்தான் முழுசு கேட்டார், சாவதற்கு இல்லை என்றேன். செய்தி சொல்கிற மாதிரியே, வரிசையாக, தெளிவாகச் சொன்னேன். வார்டே கேட்டது.

பக்கத்துக் கட்டில்காரர், காலில் கட்டுப் போட்டிருந்தவர், மெதுவாகச் சிரித்தார். "பாரேன் பெருசு வீம்ப! மாத்திரையிலயா பங்கு கேக்கறது?"

கான்ஸ்டபிளும் சிரித்துவிட்டு எழுதினார். 'அறியாமையால் கூடுதலாக உட்கொண்டார். எவர் மீதும் சந்தேகம் இல்லை.' அப்பாவின் கட்டை விரலை மையில் ஒற்றி எடுத்தார். விரலைக் கொடுத்தாரே தவிர அப்பா அவர் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வெளியே மற்ற பத்திரிகை நண்பர்கள் நின்றிருந்தார்கள். சீட்டைப் பார்த்திருந்தார்கள். செய்தி போட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. நிருபர் வீட்டு விஷயத்தை நிருபர் எழுதுவதில்லை என்பது எங்களுக்குள் யாரும் பேசி வைக்காத வழக்கம். மூத்தவர் ஒருவர் தோளில் தட்டி, "வுடுங்க, நம்ம வூட்டு விஷயம்," என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அன்று அவர்கள் கையில் இருந்தவற்றில் எங்கள் சீட்டைத் தவிர மற்றவை எல்லாம் மறுநாள் பேப்பரில் வந்தன. வேப்பந்தட்டைப் பக்கத்து முதியவர் ஒருவரும் அதில் இருந்தார். மனமுடைந்து என்று போட்டிருந்தது. அவருக்கு உண்மையில் என்ன என்று நான் விசாரிக்கவில்லை.

திருச்சியிலும் அரையே போதும் என்றார்கள், அதுவும் நேரத்தை இன்னும் தள்ளிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பா மறுபடியும் அரியலூருக்குப் போனார். இனி மருந்தே வேண்டாம் என்பாரோ என்று நான் பயந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அக்கா போனில் சொன்னாள். நீட்டினால் வாங்கிக்கொள்கிறார். கையைப் பார்ப்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஊரிலிருந்து இரண்டு பேர் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். மாத்திரை நேரம் வந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வந்தவர்கள் முன்னால் உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஏன் ஆத்தா உள்ள போயி ஒளிஞ்சு ஒடைக்கிற?" என்று அப்பா குரல் கொடுத்தார். "இங்க வந்து ஒடை. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் வந்து உடைத்தாள். அவர் வாங்கி நாக்கில் வைத்து, செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். வந்தவர்களில் ஒருவர், "என்ன மாமா, பாதிதான் குடுக்குறாங்க?" என்றார்.

"எனக்கு அதுதான் அளவாம். ரத்தத்துல குச்சி இல்லியாம், டாக்டர் சொல்லிட்டாரு." பிறகு என் பக்கம் தலையை ஆட்டினார். "முழுக் கதையும் இவன் நல்லா சொல்லுவான். ஆஸ்பத்திரியில அத்தனை பேரு முன்னாடி சொன்னான். கேளுங்க." செம்பைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "பேப்பர்ல போட்டியாடா?"

"இல்லப்பா."

"ஏன்? மத்தவனுக்கெல்லாம் போடறியே."

வந்தவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மீதிப் பாதியைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து உள்ளே போனேன். செம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.